சார்செல்லில் விரல், முத்தியால்பேட்டையில் ஏசி

இந்த ஆய்வில் வரும் வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டையில், கடற்காற்று நேராக அடிக்கும் ஒரு தெருவில் இருக்கிறது. முன்பக்கம் திண்ணையும் முற்றமும் உள்ள பழைய வீடு. பின்பக்கம் பிற்பாடு கட்டிய கான்கிரீட் அறை ஒன்று. ஏசி இருப்பது அந்த அறையில் மட்டும்தான். குடியிருப்பவர் எழுபதைக் கடந்த ஓர் அம்மா. கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், காலமாகிவிட்டார். ஒரே மகன் பாரிசுக்கு வடக்கே சார்செல்லில் குடும்பத்தோடு இருக்கிறார். வீட்டு வேலைக்கு ஓர் அக்கா வருகிறார். காலையில் சமைத்துவிட்டு, ராத்திரி ஏசி அறையின் ஜன்னல்களைச் சாத்திவிட்டு ஒன்பது மணி வாக்கில் கிளம்பிவிடுவார். தாய் இங்கே, பிள்ளை பிரான்சில் என்று இருக்கும் வீடுகள் புதுச்சேரியில் தெருவுக்கு நாலு தேறும். இதே பிரச்சினை வேறு வீடுகளிலும் வரும் என்பதால்தான் விரிவாக எழுதி வைக்கிறேன். வீட்டாரின் சம்மதத்தோடு, ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

நான் ஏசி சர்வீஸும் வீட்டு ஒயரிங்கும் பார்ப்பவன். என்னிடம் வந்தபோது இந்த வீட்டில் இருந்து வந்தவை ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு புகார்கள்.

மகன் வாட்ஸ்அப்பில் கேட்டது: "அண்ணே, ஆப்ல ஏசி ஓடுதுன்னு காட்டுது, அம்மா புழுங்குதுன்னு சொல்றாங்க. எதை நம்பறது?"

அம்மா சொன்னது வேறு. "தம்பி, இந்த ஏசிக்கு என்னமோ புடிச்சிருக்கு. நான் நிறுத்திட்டுப் படுத்தா அதுவா ஓட ஆரம்பிக்குது. குளிர்ல முட்டி ரெண்டும் இறுகிப் போவுது. எழுந்து மறுபடி நிறுத்தறேன்."

என்ன மாட்டியிருந்தார்கள்

மகன் ஜனவரியில் ஊருக்கு வந்தபோது ஒரு ஐஆர் பிளாஸ்டர் வாங்கி மாட்டியிருக்கிறார். உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி. ஒரு பக்கம் வீட்டு வைஃபையில் சேரும். மறுபக்கம் ஏசி ரிமோட் அனுப்பும் அகச்சிவப்புக் கதிரை அப்படியே அனுப்பும். போனில் ஆப்பைத் திறந்து எந்த ஊரில் இருந்து வேண்டுமானாலும் ஏசியைப் போடலாம், நிறுத்தலாம், டிகிரியை மாற்றலாம். ராத்திரி ஒன்பதரைக்கு 25 டிகிரியில் ஓட வேண்டும், காலை ஐந்துக்கு நிற்க வேண்டும் என்று நேர அட்டவணையும் போட்டிருந்தார்.

கரண்ட் போனாலும் பெட்டி தொடர்பில் இருக்கட்டும் என்று, ரவுட்டரையும் பெட்டியையும் பேட்டரி இன்வெர்ட்டர் லைனில் சொருகியிருந்தார். யாருக்கும் இது சரியான யோசனையாகத்தான் படும். ஏசி மட்டும் ஸ்டெபிலைசர் வழியாக நேரடி மின்வாரிய லைனில். ஒன்றரை டன் ஏசியை வீட்டு பேட்டரியில் ஓட்ட முடியாது என்பதால் அதுவும் வழக்கமான ஒயரிங்தான். இரண்டும் தனித்தனியே சரி. சேர்ந்தபோதுதான் சிக்கல்.

கத்திரியில் ஓர் இரவு

மே மாதம், கத்திரி வெயில் நடுவில் ஒரு நாள். அன்று கடற்காற்று உள்ளே வர மதியம் தாண்டிவிட்டது. கடலோர ஊர்களில் இதுதான் கெட்ட நாள்: காற்று பதினோரு மணிக்கு வந்தால் பிழைத்தோம், பிந்தினால் சுவரும் தளமும் சாயங்காலம் வரை சூட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். ராத்திரி அந்தச் சூடுதான் கான்கிரீட்டில் இருந்து இறங்கும்.

வேலைக்கு வரும் அக்கா ஜன்னல்களைச் சாத்திக் கிளம்பும் சமயம் கரண்ட் போனது. ஃபேனும் விடிவிளக்கும் பேட்டரிக்கு மாறின. ஒன்பதரைக்கு அட்டவணை தன் வேலையைச் செய்தது. ஐஆர் பெட்டிக்கு உயிர் இருக்கிறது, வைஃபை இருக்கிறது, கட்டளை வந்தது, கதிரை அனுப்பியது. ஏசியில் கரண்ட் இல்லை. வாங்க ஆள் இல்லாத கட்டளை காற்றில் போனது. ஆப்பில் மட்டும் 'ஓடுகிறது, 25' என்று பதிந்தது. பத்து மணிக்குள் கரண்ட் திரும்பிவிட்டது. அந்த ஏசியில் ஆட்டோ ரீஸ்டார்ட் உண்டு. ஆனால் அது கரண்ட் போவதற்கு முன் எந்த நிலையில் இருந்ததோ அதற்குத்தான் திரும்பும். கரண்ட் போனபோது நின்றிருந்தது, வந்தபோதும் நின்றே இருந்தது.

சார்செல்லில் அப்போது மணி ஆறரை. வேலை முடிந்து வந்த மகன் ஆப்பைப் பார்த்திருக்கிறார். ஓடுகிறது, 25. நிம்மதி.

அம்மா ஏன் தானே ரிமோட்டை எடுத்துப் போடவில்லை? இதுதான் எனக்கும் முதலில் புரியவில்லை. கேட்டபோது சொன்னார்: "கரண்டே வரலைன்னு நெனச்சேன்பா." ஃபேனும் விளக்கும் பேட்டரியிலேயே ஓடிக்கொண்டிருந்தால், கட்டிலில் படுத்திருப்பவருக்குக் கரண்ட் வந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? தெருவிளக்கு தெரியும் ஜன்னல்கள்தான் சாத்தியாகிவிட்டனவே. ஏசி வரும் வரும் என்று காத்திருந்தே தூங்கிப்போயிருக்கிறார்.

விடியற்காலையில் தலை சுற்றலோடு எழுந்து திண்ணைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து வீட்டார் பார்த்து டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். உடம்பில் நீர் வற்றியிருந்தது. அவர் சாப்பிடும் பிரஷர் மாத்திரை நீர் பிரிக்கிற வகை. வயதானால் தாகமே சரியாக எடுக்காது, வியர்வையும் குறையும். மூடிய அறையில் ஃபேன் சூட்டுக் காற்றையே சுழற்றிக்கொண்டிருந்தது. ஒரு பாட்டில் சலைனில் சரியாகிவிட்டது. ஆனால் மகன் பயந்துவிட்டார், அதற்குக் காரணமும் உண்டு. 2003 ஆகஸ்ட் வெப்ப அலையில் பிரான்சில் மட்டும் சுமார் 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் முதியவர்கள், தனியாக இருந்தவர்கள் நிறைய. அந்தக் கோடையில் அங்கே இருந்தவருக்கு 'மூடிய அறை, வயதான தாய்' என்ற இரண்டு சொல் போதும்.

அங்கே இருப்பது வேறு, இங்கே இருப்பது வேறு

மகனின் மனதில் மாதிரியாக இருந்தது அவருடைய சார்செல் வீட்டு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட். அதை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் இங்கே எங்கே இடறியது என்று புரியும்.

அங்கே கேஸ் பாய்லர் தண்ணீரைச் சூடாக்குகிறது. அந்தத் தண்ணீர் அறைக்கு அறை ரேடியேட்டர்களில் ஓடுகிறது. கூடத்துச் சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட் தானே அறையின் சூட்டை அளக்கிறது, தானே பாய்லரை எரியச் சொல்கிறது, அறை சூடானதா என்று மறுபடி அளக்கிறது. போனில் தெரிவது அறையின் உண்மையான டிகிரி. வீட்டில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போனபின் 16க்கு இறக்கிவிட்டு, ரயிலில் திரும்பும்போது போனிலேயே 19க்கு ஏற்றுகிறார். வீடுகளைச் சூடேற்ற 19 டிகிரி என்பது பிரான்சில் சட்டத்திலேயே இருக்கும் அளவு. குளிர்கால விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிவிட்டுப் போனாலும், குழாயில் தண்ணீர் உறைந்து வெடிக்காத அளவுக்குச் சூடு வைத்திருக்கலாம். ஆள் இல்லாத வீட்டுக்கு அது அருமையான கருவி.

நம் ஊர் ஸ்ப்ளிட் ஏசிக்கு அந்தத் தெர்மோஸ்டாட்டை வாங்கி மாட்ட முடியாது. இதைப் பலர் கேட்கிறார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் விற்கும் சுவர் தெர்மோஸ்டாட்டுகள் 24 வோல்ட் கம்பிகளில் ஓடுபவை. ஃபர்னஸுக்கு ஒரு கம்பி, கம்ப்ரசருக்கு ஒன்று, ஃபேனுக்கு ஒன்று என்று வரும். நம் ஸ்ப்ளிட் ஏசியில் அப்படிக் கம்பி சேர்க்க இடமே கிடையாது. அதன் தெர்மோஸ்டாட் உள்யூனிட்டுக்குள்ளேயே இருக்கிறது. கூரைக்கு அருகில் உள்ளே இழுக்கும் காற்றை ஒரு சின்ன சென்சார் அளக்கும். அதற்கு வெளியே இருந்து பேச ஒரே வழி ரிமோட்டின் அகச்சிவப்புக் கதிர். அதுவும் ஒருவழிப் பாதை. ரிமோட் சொல்லும், ஏசி கேட்கும். ஏசி பதில் சொல்லாது. 'பீப்' சத்தம்தான் ரசீது, அது சார்செல் வரை கேட்காது.

ஆக, ஆப்பில் 'ஓடுகிறது, 25' என்று தெரிந்தது ஏசியின் நிலை அல்ல. கடைசியாக அனுப்பிய கட்டளை. இந்த ஒரு விஷயம் மகனுக்குப் பிடிபட்டதும் முதல் புகார் பாதி தீர்ந்துவிட்டது.

ஏசியிலேயே வைஃபை உள்ள மாடல்களில் இந்தக் குறை இல்லை. யூனிட்டே தன் நிலையைத் திருப்பிச் சொல்லும், கரண்ட் இல்லாவிட்டால் ஆஃப்லைன் என்று வரும். புதிதாக வாங்குகிறவர்கள், அதுவும் வெளியூரில் இருந்து பெற்றோருக்காக வாங்குகிறவர்கள், கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து அதை வாங்குவது நல்லது. இந்த வீட்டு ஏசி நாலைந்து வருடம் ஆனது, நன்றாக ஓடுவது. மாற்ற அவசியமில்லை என்றேன்.

இரண்டு மணிக்கு வரும் பேய்

அம்மாவின் புகார்தான் சுவாரசியமானது. அதுவாக ஓடுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கருவியை. ரிமோட்டின் பட்டன் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா, ஏசியின் டைமர் போட்டிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. பீரோ மேல் இருந்த ஐஆர் பெட்டி தானாக எதையாவது அனுப்புகிறதா என்று செல்போனின் முன்பக்கக் கேமராவில் கொஞ்ச நேரம் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிர் கேமராவில் வெளிர் ஊதாவாக மினுக்கும்; ரிமோட்டில் செல் இருக்கிறதா என்று பார்க்கவும் இதே வழிதான். மகனை ஆப்பில் அழுத்தச் சொன்னால் மினுக்கியது. சும்மா இருக்கும்போது ஒன்றுமில்லை.

பிறகு அம்மாவிடம் நேரம் கேட்டேன். எப்போது ஓடுகிறது?

"ரெண்டு மணிக்கு. மாசி மாசமெல்லாம் மூணு மணிக்கு வந்துச்சு. பங்குனிக்கு அப்புறம் ரெண்டு மணிக்கே வந்துடுது."

மாசியில் மூன்று, பங்குனி தாண்டி இரண்டு. பேய் ஒரு மணி நேரம் முன்னால் வந்துவிட்டது. ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள். குளிர்காலத்தில் பிரான்ஸ் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால், கோடையில் மூன்றரை மணி நேரம். அங்கே ராத்திரி பத்தரை என்பது நமக்குக் குளிர்காலத்தில் விடிகாலை மூன்று, கோடையில் இரண்டு. மகனிடம் கேட்டேன்: பத்தரைக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?

"படுக்கப் போறதுக்கு முன்னாடி அம்மாவோட ஏசியைப் பார்ப்பேன் அண்ணே. 25 இருந்தா, விடிகாலைல குளிருமேன்னு 26, 27 ஆக்கி வைப்பேன்."

குளிர் தாங்காமல் அம்மா நடுநிசியில் கை ரிமோட்டால் ஏசியை நிறுத்திவிடுகிறார். அது ஆப்புக்குத் தெரியாது. அங்கே இன்னும் 'ஓடுகிறது, 25'. மகன் குளிரைக் குறைக்க 26க்கு ஏற்றுகிறார். டிவி ரிமோட்டில் வால்யூம் பட்டனை அழுத்தினால் வால்யூம் மட்டும் போகும். பெரும்பாலான ஏசி ரிமோட்டுகள் அப்படியல்ல. எந்தப் பட்டனை அழுத்தினாலும் ஓட வேண்டுமா நிற்க வேண்டுமா, எந்த மோடு, எத்தனை டிகிரி, ஃபேன் வேகம், காற்றின் திசை எல்லாம் சேர்ந்த முழு நிலவரமும் ஒவ்வொரு முறையும் போகும். '26 டிகிரி' என்ற கட்டளைக்குள் 'ஓடு' என்பதும் இருந்தது. நின்றிருந்த ஏசி ஓட ஆரம்பித்தது. அம்மாவுக்குக் குளிரக் கூடாது என்று பிள்ளை அழுத்தியதே அம்மாவைக் குளிரில் எழுப்பியிருக்கிறது.

ஆப்பின் கட்டளை வரலாற்றைத் திறந்து தேதி தேதியாகப் பார்த்தோம். அம்மா சொன்ன நேரத்தோடு பொருந்தியது. விஷயத்தைச் சொன்னதும் அம்மா சிரித்தார்: "அவன்தானா? சொல்லியிருந்தா நான் பயந்தே இருக்க மாட்டேனே."

மாற்றியது

இங்கே எனக்கும் மகனுக்கும் கொஞ்சம் வாக்குவாதம். அவர் கேட்டது இன்னும் பலமான ரிமோட் கட்டுப்பாடு: கை ரிமோட்டை எடுத்துவிடலாம், அறையில் ஒரு கேமரா வைக்கலாம், எல்லாம் தன் போனில் இருக்கட்டும். கேமராவை அம்மாவே ஒரே வரியில் முடித்துவிட்டார்: "படுக்கற எடத்துல கேமராவா? வேணாம்பா." கை ரிமோட்டை எடுப்பதற்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை. சார்செல் வீட்டில் ஆள் இல்லாதபோது போன் வேலை செய்கிறது. முத்தியால்பேட்டை வீட்டில் ஆள் எப்போதும் இருக்கிறார், அவருக்குக் குளிர்வதும் புழுங்குவதும் அவருக்குத்தான் தெரியும். தூரத்தில் இருப்பவருக்கு வேண்டியது உண்மை நிலவரம். அதிகாரம் கட்டிலில் இருப்பவரிடம்தான் இருக்க வேண்டும்.

செய்தவற்றில் மிக மலிவானது, என் கணக்கில் மிகப் பயனுள்ளது, ஒரு இண்டிகேட்டர் விளக்கு. கட்டிலுக்கு எதிரே உள்ள சுவிட்ச் போர்டில், பேட்டரியில் சேராத நேரடி லைனில் மாட்டினேன். சிவப்பு எரிந்தால் கரண்ட் இருக்கிறது. டீ செலவில் முடிகிற சமாச்சாரம். பேட்டரி இன்வெர்ட்டர் உள்ள எந்த வீட்டிலும், வயதானவர் படுக்கும் அறையில் இது இருந்தாக வேண்டும் என்பேன்.

ஐஆர் பெட்டியைப் பேட்டரி லைனில் இருந்து பிடுங்கி, ஏசி இருக்கும் அதே நேரடி லைனுக்கு மாற்றினேன். ஏசிக்குக் கரண்ட் இல்லாவிட்டால் பெட்டிக்கும் இருக்காது, ஆப்பில் ஆஃப்லைன் என்று வரும். தொடர்பு அறுவது குறைதானே என்று மகன் கேட்டார். ஓடாத ஏசியை ஓடுகிறது என்று காட்டுவதற்கு அது எவ்வளவோ தேவலை.

தலையணை உயரத்தில், ஏசி காற்று நேரே படாத சுவரில், பேட்டரியில் ஓடும் வெப்ப-ஈரப்பத சென்சார் ஒன்று. உள்யூனிட்டின் சென்சார் கூரை அருகே அளப்பதற்கும் கட்டிலில் படுப்பவர் உணர்வதற்கும் வித்தியாசம் உண்டு. தளம் சூடான அறையில் அது நன்றாகவே தெரியும். ரவுட்டர் பேட்டரி லைனில் இருப்பதால், கரண்ட் போன நேரத்திலும் அறையின் நிலவரம் சார்செல்லுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

அடுத்தது, ஏசி உண்மையில் ஓடுகிறதா என்பதை அறிய ஒரு வழி. சிலர் இதற்கு, பிளக்குக்கு நடுவே சொருகிப் போனில் இயக்கும் ஸ்மார்ட் பிளக் வைக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. மலிவான பிளக்குகளின் உள்ளே கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் ரிலே, ஏசியின் சுமையில் கோடை முழுக்கச் சூடாகி இளகிப்போனதைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன். ஓடும் ஏசியைப் பிளக்கில் வெடுக்கென்று அணைப்பது கம்ப்ரசருக்கும் நல்லதல்ல. அதற்குப் பதில் எம்சிபி பெட்டிக்குள் (சுமை மீறினால் தானே விழும் சுவிட்சுகள் இருக்கும் பெட்டி), ஏசிக்குப் போகும் கம்பியைச் சுற்றிக் கவ்வும் கிளாம்ப் வகை வைஃபை மீட்டர். கம்பியை வெட்ட வேண்டாம், சுமை அதன் வழியாகப் போகாது, எத்தனை வாட் இழுக்கிறது என்று மட்டும் சொல்லும். ஏசி நிறுத்தியிருந்தால் ஒன்றிரண்டு வாட். உள் ஃபேன் மட்டும் சுற்றினாலே அதைவிடப் பல மடங்கு. கம்ப்ரசர் ஓடினால் நூற்றுக்கணக்கில். 15 வாட்டுக்குக் கீழே என்றால் 'நின்றிருக்கிறது' என்று வைத்துக்கொண்டோம்.

இவற்றை எல்லாம் சேர்த்து யோசிக்க ஆப்பின் அட்டவணையால் முடியவில்லை. ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கணினியில் ஹோம் அசிஸ்டன்ட் போட்டு ரவுட்டர் பக்கத்தில் வைத்தேன். ஹோம் அசிஸ்டன்ட், வீட்டுக் கருவிகளை ஒன்றாக இயக்க இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள். இணையம் போனாலும் வீட்டுக்குள்ளேயே ஓடும் என்பது கூடுதல் வசதி. மெமரி கார்டில் ஓட்டினால் கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் சீக்கிரம் கெடும், அதைவிட உறுதியான எஸ்எஸ்டி டிஸ்க் போடுங்கள்.

விதிகள் இப்படி: ஒன்பதரைக்குக் கரண்ட் இருந்தால் ஏசிக்கு 'ஓடு, 27' என்று போகும். இரண்டு நிமிடத்தில் மீட்டரில் வாட் ஏறாவிட்டால் மறுபடி ஒரு முறை அனுப்பும். அப்போதும் ஏறாவிட்டால் மகனுக்கும், வேலைக்கு வரும் அக்காவுக்கும் செய்தி. ஒன்பதரைக்குக் கரண்ட் இல்லையென்றால் காத்திருந்து, வந்தபின் ஸ்டெபிலைசர் சுமையை எடுக்க ஐந்து நிமிடம் விட்டு, அதன்பின் அனுப்பும். கரண்ட் இருக்கும்போதே, அமைப்பு எதுவும் அனுப்பாமலே ஏசி நின்றுபோனால், அம்மா தன் ரிமோட்டால் நிறுத்தியிருக்கிறார் என்று பொருள். விடியும்வரை அமைப்பு வாயைத் திறக்காது. அறை 32 டிகிரியைத் தாண்டினாலும் தானாகப் போடாது, மகனுக்குச் செய்தி மட்டும் போகும். நின்றிருக்கும் ஏசிக்கு டிகிரியை மட்டும் மாற்றி அனுப்பும் வேலையும் கிடையாது.

அம்மா புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை என்பதில் பிடிவாதமாக இருந்தேன். பழைய ரிமோட், அதே பட்டன். அவர் நிறுத்தினால் நின்றது.

மகன் கேட்டார்: "அப்ப ராத்திரி நான் எதுவுமே செய்ய முடியாதா?"

"நிலவரத்தைப் பாக்கலாம் தம்பி. ஏதாவது செய்யணும்னா அம்மாவுக்கு போன் போடுங்க."

ஏன் 27

25இல் முட்டி இறுகுகிறது, நிறுத்தினால் புழுங்குகிறது. இரண்டுக்கும் நடுவே 27 வைத்து, சீலிங் ஃபேனை இரண்டில் ஓடவிட்டோம். ஃபேன் காற்று உடம்பில் படும்போது இரண்டு மூன்று டிகிரி குறைந்ததுபோல் இருக்கும் என்பதால் அவருக்கு அது போதுமாக இருந்தது. நட்சத்திரக் குறியுள்ள அறை ஏசிகள் 2020 ஜனவரி 1 முதல் 24 டிகிரியை இயல்புநிலையாகக் கொண்டு வர வேண்டும் என்பது மத்திய அரசு விதி. ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் அமைப்பான பிஇஇ சொல்லும் கணக்கு. 18இல் போட்டால் சீக்கிரம் குளிரும் என்று நம்புகிறவர்கள் இன்னும் உண்டு. சாதாரண ஏசியில் வேகம் ஒன்றே. 18 என்றால் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான்.

கடலோரத்தில் டிகிரி மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். 27 காட்டும், ஈரப்பதம் எண்பதுக்கு ஏறியிருக்கும், போர்வை பிசுபிசுக்கும். இந்த வீட்டு ஏசி இன்வெர்ட்டர் வகை, அதாவது தேவைக்கேற்பக் கம்ப்ரசரின் வேகம் கூடிக் குறையும்; பேட்டரி இன்வெர்ட்டர் வேறு, இது வேறு. கம்ப்ரசர் மெதுவாக ஓடும்போது காற்றில் உள்ள ஈரத்தைப் பிழிவதும் குறையும். ஐப்பசி மழையில் சூடே இருக்காது, ஈரம் மட்டும் இருக்கும்; அந்த நாட்களுக்கு, ஈரத்தை எடுப்பதற்கென்றே உள்ள டிரை மோடு தனி விதியாகப் போட்டேன்.

கிராஃப் காட்டிய கசிவு

இது யாரும் கேட்காமல் கிடைத்த பலன். சென்சாரும் மீட்டரும் எழுதிக்கொண்டே வந்த கோடுகளை ஜூலை வாக்கில் மகன் எனக்கு அனுப்பினார். கோடையின் நடுவில் 31 டிகிரி அறை 28க்கு இறங்க அரை மணி நேரம் ஆனது. இப்போது வெளியே வெப்பம் தணிந்தும் அதே இறக்கத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இன்வெர்ட்டர் ஏசி என்றால் அறை குளிர்ந்தபின் வாட் இறங்க வேண்டும். கோடு இறங்கவே இல்லை, ராத்திரி முழுக்க ஒரே உயரத்தில் ஓடியது. அம்மா குறை எதுவும் சொல்லவில்லை; மெதுவாக வரும் கெடுதலுக்கு உடம்பு பழகிவிடும்.

மாடிக்குப் போய் அவுட்டோர் யூனிட்டைப் பார்த்தேன். கடலைப் பார்த்த முகம். அலுமினியத் தகடுகள் வெளுத்துப்போய், விரல் பட்டால் மாவாக உதிர்ந்தன. ஓரத்தில் செம்புக் குழாய் வளையும் இடத்தில் எண்ணெய்க் கசிவின் கறை. சோப்பு நுரை வைத்தால் ஒரே புள்ளியில் குமிழ் மெல்லப் பெரிதானது. கேஸ் போயிருந்தது.

இந்த இடத்தில் நம் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. கசிவை அடைக்காமல் கேஸை மட்டும் ஏற்றிவிட்டுப் போவது இங்கே வழக்கமாகிவிட்டது. அடுத்த கோடைக்கு மறுபடி கூப்பிடுவார்கள், மறுபடி ஏற்றலாம். இந்த ஏசியில் இருப்பது ஆர்32 என்னும் குளிரூட்டும் கேஸ், லேசாகத் தீப்பற்றக் கூடியது. மிச்ச கேஸை எடுத்து, குழாயில் நைட்ரஜன் விட்டுக் கசிந்த இடத்தைப் பற்றுவைத்து அடைத்து, நைட்ரஜன் அழுத்தத்தில் நிறுத்திப் பார்த்து, உள்ளே உள்ள காற்றை உறிஞ்சி வேக்கம் போட்டு, தராசில் நிறுத்துதான் புது கேஸ் ஏற்ற வேண்டும். அரைநாள் வேலை. செய்து முடித்த ராத்திரியே கோடு பழையபடி இறங்கியது. யூனிட்டுக்குக் கடற்பக்கம் ஒரு தடுப்பும் வைத்து, மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் தகடுகளைக் கழுவிவிடச் சொன்னேன். கரண்டை நிறுத்திவிட்டுத்தான், அதிக அழுத்தம் இல்லாமல். தேவனாம்பட்டினம் பக்கம், கடலூரிலும் இதே கதைதான். உப்புக் காற்றுக்கு ஊர் வித்தியாசம் தெரியாது.

பில்

பில் குறைந்தது. 27க்கு ஏற்றியது, விடிகாலையில் வீணாக ஓடியது நின்றது, கசிவை அடைத்தது மூன்றும் அடுத்தடுத்து நடந்ததால் எதனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது ஏமாற்று. கருவிகளின் விலையைப் பில்லில் இருந்து மீட்டுவிடலாம் என்று நினைத்து யாரும் இதில் இறங்க வேண்டாம். ஒரு ஏசி உள்ள வீட்டில் அந்தக் கணக்கு சுலபத்தில் நேராகாது. கடலூர்க்காரர்கள் இதே அமைப்பை வேறு காரணத்துக்காகக் கேட்கிறார்கள். புதுச்சேரியில் மாதாமாதம் ரீடிங். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, 500 யூனிட்டைத் தாண்டினால் விகிதமே மாறும். அங்கே கிளாம்ப் மீட்டர் ஒன்று மட்டும் வைத்து, 450ஐத் தொட்டால் போனில் செய்தி வரும்படி செய்துகொடுத்தாலே சந்தோஷப்படுகிறார்கள்.

மிச்சம் இருப்பவை

வைஃபை விஷயத்தில் ஒரு தொல்லை அடிக்கடி வரும். இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையை மட்டும்தான் எடுக்கும். நெட் கம்பெனி ஆள் வந்து ரவுட்டரை மாற்றினால் பெயரும் பாஸ்வேர்டும் மாறி, எல்லாம் ஒன்றாக ஆஃப்லைன் ஆகும். பழைய பெயரையும் பாஸ்வேர்டையுமே புதுசிலும் போடச் சொல்லி, ரவுட்டர் மேல் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

ஐஆர் பெட்டியின் கணக்கு மகனின் பிரெஞ்சு எண்ணில், பிரான்ஸ் என்று பதிவாகியிருந்தது. நான் இந்தியாவில் பதிந்த என் கணக்கோடு பகிரப் பார்த்தால் பகிர முடியவில்லை. நாட்டுக்கு நாடு சர்வர் வேறு. புதுக் கணக்கு தொடங்கி மறுபடி சேர்த்தோம். வெளிநாட்டில் இருந்து வந்து மாட்டுகிறவர்கள் முதலிலேயே இந்தியா என்று தேர்ந்தெடுப்பது நல்லது.

புயலுக்கு இதில் எதுவும் உதவாது. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, தெருக்கள் முங்கின. அப்படிப்பட்ட நாளில் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பேட்டரி சில மணி நேரம் தாங்கும், பிறகு ரவுட்டரும் அடங்கும், சார்செல்லில் திரை வெறுமனே நிற்கும். அதற்குப் பக்கத்து வீட்டார் இருவரின் எண்களும், அக்காவின் எண்ணும் மகனின் போனில் முதல் வரிசையில் இருக்கின்றன. புயல் எச்சரிக்கை வந்தால் முதல் நாளே அம்மாவை நெல்லித்தோப்பில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று பேசி வைத்திருக்கிறார்கள். அங்கே ஏசி கிடையாது, அம்மாவுக்கு அதில் குறையும் இல்லை.